போட்டிக்கு முந்தின நாள் எண்பது தண்டால்

காலை ஏழு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது என் மகளின் இடது கை, வில்லைப் பிடிக்கும் கை. தண்ணீர் பாட்டிலைத் தூக்கும்போது அது நடுங்கியது.

போன வருடம், பெங்களூருவின் புறநகரில் ஒரு மைதானம். மாநில வில்வித்தை அணிக்கான தேர்வு. பெண்களுக்கு நான்கு இடங்கள்.

நடுக்கத்துக்குக் காரணம் குளிர் அல்ல, நான். முந்தின நாள் முழு ஓய்வு வேண்டும் என்று அவளுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுக்கும் கோச் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பதினைந்து வருடமாக ஜிம்முக்குப் போகிற எனக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது. "நாளைக்குப் போட்டி, இன்னைக்குச் சும்மா உக்காந்திருப்பியா?" என்று மர்பி டவுனில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எண்பது தண்டால் எடுக்க வைத்தேன். வழக்கமாக அவள் எடுப்பது இருபது.

எழுபது மீட்டர் தூரம். எழுபத்திரண்டு அம்புகள், ஆறு ஆறாக. ஒவ்வொரு ஆறுக்கும் நான்கு நிமிடம். முதல் ஆறில் ஒன்றுகூட இலக்குப் பலகையின் நடு மஞ்சளில் படவில்லை. வில்லைப் பிடித்த கை தாழ்ந்து, எல்லாம் கீழே வெளி வளையங்களில், நீலத்திலும் கறுப்பிலும் குத்தி நின்றன.

கோச் அம்மா வந்து, "நேத்து என்ன பண்ணினே?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன்.

"யாக்கே சார், ஏன் இப்படி? பரீட்சைக்கு அனுப்புறப்போ பேனாவ உடைச்சா குடுப்பீங்க?"

மகள் கோபப்படவில்லை. "அப்பா, கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்க. ஒவ்வொரு அம்புக்கும் நீங்க உச்சுக் கொட்டுறது கேக்குது" என்றாள். ஸ்கூட்டர்கள் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனேன்.

அவள் நாணை இழுத்தாள். கை ஆடியது. எய்யாமல் மெல்லத் தளர்த்தி வில்லை இறக்கினாள். மூச்சு விட்டாள். மறுபடி இழுத்தாள், மறுபடி இறக்கினாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை, அவள் தோள்பட்டை எலும்புகள் இரண்டும் சட்டைக்கு அடியில் ஒன்றையொன்று நெருங்கின. கை நின்றது. அம்பு மஞ்சளில் பாய்ந்தது.

மீதி அம்புகளும் இப்படித்தான். ஆடினால் இறக்குவாள், நின்றால் விடுவாள். இடைவேளைகளில் மற்றவர்கள் மதிப்பெண் பலகையைப் பார்க்கப் போனபோது புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். பதினாறு வயதுப் பெண் தன் உடம்போடு இப்படிப் பேரம் பேசுவதை நான் பார்த்ததில்லை. கடைசி ஆறில் ஐந்து மஞ்சள், ஒன்று சிவப்பு.

"எப்படிம்மா?" என்றேன்.

"கைதான் போச்சுப்பா. முதுகு இருந்துச்சுல்ல."

ஆறு மாதமாக கோச் அம்மா அவளை அம்பே இல்லாமல் நாணை இழுத்துப் பிடித்து நிற்க வைத்திருந்தார். எந்தத் தசை வில்லைத் தாங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜிம்முக்குப் போகிற எனக்குத் தெரியவில்லை.

மாலையில் பட்டியலை ஒட்டினார்கள். நான்கு பெயர்கள். மகள் ஐந்தாவது. நான்காவது பெண்ணுக்கும் அவளுக்கும் இரண்டு புள்ளி வித்தியாசம்.