மூன்றாவது கியரைப் பிடித்த கை

சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கும், அமாவாசை வந்தால் மேல்மலையனூருக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் பழைய வேன் என்னுடையது. போன வருஷம் அதன் இன்ஜின் படுத்துவிட்டது. அந்த மாடல் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில், விபத்தில் நொறுங்கிய ஒரு புது வண்டியின் இன்ஜினை வாங்கிவந்து மெக்கானிக் மாட்டினார். கியர்பாக்ஸ் மட்டும் பழையதே. புதியது எங்கள் வண்டியின் அடியில் உட்காரவில்லை.

இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. புது இன்ஜினுக்கு டிபன் டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று அது கேட்டுக்கொண்டே இருக்குமாம். என் கியர்பாக்ஸுக்குப் பதில் சொல்லத் தெரியாது. பதில் வராததால் அது பயந்துபோய் இன்ஜினைக் கட்டிப்போடுகிறது என்றார் மெக்கானிக்.

வேன் ஓடாவிட்டால் நான் சென்னைக்குப் போய் யாரிடமாவது டிரைவராக நிற்க வேண்டும். மைத்துனர் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். புது மனிதர்களிடம் பேச எனக்கு நாக்கு எழாது. என் வேனில் ஏறுகிறவர்களுக்கு அது தெரியும். அவர்களே பேசிக்கொள்வார்கள், இறங்குமிடம் வந்தால் கூரையைத் தட்டுவார்கள். அதை விட்டுப் போகவேண்டுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெக்கானிக் சொல்லி விழுப்புரத்திலிருந்து ஒரு பெண் லேப்டாப்போடு வந்தார். ஸ்டீரிங்குக்கு அடியில் ஒயரைச் செருகி மதியம்வரை தட்டிக்கொண்டிருந்தார். வேகத்தைக் கேட்காதே, இந்த கியர்பாக்ஸின் கணக்கு வேறு என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தாராம்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாம்ணே."

என் மனைவி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். அந்தப் பெண் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். திருவண்ணாமலை ரோட்டில் வண்டி நன்றாகத்தான் போனது. கோட்டை மலையை ஒட்டிய மேட்டில் மூன்றாவது கியர் போட்டதும் சோர்ந்துவிட்டது.

"கிளட்ச்ல கால் வெச்சிருக்கீங்களாண்ணே?"

"இல்லம்மா."

"மிதிச்சிக்கினு இருக்கறதா காட்டுது. மிதிச்சா கியர் மாத்தறீங்கன்னு நெனச்சி அது டீசலைக் கொறைச்சிடும்."

இறங்கி ஒயரைப் பார்த்தார். பெடலில் இருந்த சுவிட்சையும் மாற்றினார். மறுபடி ஏறினோம். அதே இடம், அதே சோர்வு.

"எலுமிச்சம்பழம்தான் வீணாப் போச்சி," என்றாள் என் மனைவி. "ஒயரை வுடும்மா. அவரு காலை எட்டிப் பாரு."

நானும் குனிந்து பார்த்தேன். என் இடது கால் கிளட்ச் பெடலின் மேல் இருந்தது. சத்தியமாக எனக்குத் தெரியாது.

வண்டி வாங்கிய நாளிலிருந்தே மேட்டில் மூன்றாவது கியர் தானாகக் கழன்றுகொள்ளும். அதை மாற்றுவதற்கான பல்சக்கரம் இப்போது வருவதில்லை. கழன்றால் உடனே திரும்பப் போட, கால் எப்போதும் கிளட்சின் மேல் தயாராக இருக்கும். கழலாமல் பிடித்துக்கொண்டது என் மனைவி. கல்யாணமான புதிதில் முன்சீட்டில்தான் வருவாள். மேடு வந்தால் கியர் கம்பியைப் பிடிப்பாள். அவள் கைமேல் என் கையும் இருக்கும்.

"மேடு முடிஞ்சி போச்சிப்பா, கைய எடுங்க," என்று பின்னாலிருந்து பெண்கள் சிரிப்பார்கள். நான் திரும்பவே மாட்டேன். காது மட்டும் சூடாகும். குழந்தை பிறந்த பிறகு அவள் வருவது நின்றுவிட்டது. கால் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது.

"உங்க காலுக்கு என்னால ப்ரோக்ராம் போட முடியாதுண்ணே," என்றார் அந்தப் பெண். "எடுத்துடுங்க."

காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மேட்டில் ஏறினேன். இன்ஜின் இழுத்தது, நான் பார்த்தே இராத இழுப்பு. பாதி மேட்டில் கியர் கழன்றது. கால் ஓடிப்போய்ப் பெடலில் ஏறிக்கொண்டது.

"கிளட்ச் சுவிட்சையே கம்ப்யூட்டர் கண்டுக்காத மாதிரி பண்ணிடலாம். ஆனா ஒவ்வொரு தடவை கியர் மாத்தும்போதும் வண்டி துள்ளும்."

"அதெல்லாம் வாணாம். நீ பின்னாடி வந்து உக்காரு கண்ணு," என்று என் மனைவி இறங்கி முன்னால் வந்தாள்.

அவள் கியர் கம்பியைப் பிடித்தாள். நான் காலைத் தரையில் ஊன்றினேன். வண்டி கடைசிவரை ஒரே மூச்சில் ஏறியது.

பின்சீட்டிலிருந்து அந்தப் பெண் சொன்னார்: "இந்த சென்சார் நல்லா வேலை செய்யுதுக்கா."

மைத்துனருக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொன்னேன். அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் கிளம்பினோம். முன்சீட்டில் ஏறவந்த ஒருவரை, "அது அவங்க எடம், பின்னாடி வாங்க," என்று மற்றவர்களே இழுத்துக்கொண்டார்கள். வழியில் ஒரு மேடு வந்தது. அவள் கை முன்பைவிட மெலிந்திருந்தது, நரம்பு தெரிந்தது. மேடு முடிந்தது. பின்னாலிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கையை எடுக்கவில்லை.