மூடிய கேட்டில் காத்திருந்தவர்

செல்லையன் அண்ணன் காலமான செய்தி எனக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் கிடைத்தது. தண்டவாள வேலையில் நிற்கும்போது கைப்பேசியைத் தொடக் கூடாது என்று எனக்குப் பழக்கியவரே அவர்தான். ஏழு முறை அழைத்திருக்கிறார்கள். நான் எடுக்கவில்லை என்று தெரிந்திருந்தால் அண்ணன் சந்தோஷப்பட்டிருப்பார்.

நெடுங்காட்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்து ரயில்வேக்கு வந்தவர். காரைக்கால் பாதையைப் பராமரிக்கும் எங்கள் குழுவில் மூத்தவர், தொழிற்சங்கக் கிளைச் செயலாளரும்கூட. அவரது சாப்பாட்டுப் பையில் ஊறுகாய் டப்பாவுக்குப் பக்கத்தில் ரயில்வேச் சட்டப் புத்தகம் இருக்கும். எந்தப் பக்கத்தில் எண்ணெய்க் கறை அதிகமோ அதுதான் முக்கியமான பிரிவு என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். வேலை நேரத்துக்கும் ஓய்வுக்கும் அரசாங்கம் புதிய விதிகள் கொண்டுவந்தபோது ஒரு தூக்கு நிறையக் கேசரி கொண்டுவந்தார். பேத்தி பிறந்ததற்கு ஆளுக்கொரு மிட்டாயோடு சரி.

தண்டவாளத்தில் சிலர் குனிந்து வேலை செய்தால், ரயில் வருகிறதா என்று பார்க்க மட்டும் ஒருவர் கொடியும் விசிலுமாக நிற்க வேண்டும். இதில் அண்ணன் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒருநாள் போலகம் பக்கம் ஆள் பற்றாக்குறை. காவலுக்கு ஆளில்லாமலே வேலையை முடிக்கச் சொன்னார் புதிதாக வந்த மேற்பார்வையாளர். அண்ணன் ஓரமாகப் போய் உட்கார்ந்து பையைத் திறந்தார். சாப்பிடப் போகிறார் என்று நினைத்தோம். புத்தகத்தை எடுத்தார்.

"சட்டத்துல இருக்குங்க சார். ஆள நிறுத்துங்க, இல்லன்னா நீங்களே கொடியப் புடிங்க."

மேற்பார்வையாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடியைப் பிடித்தார். அரை மணி நேரத்தில், எதிர்பாராத என்ஜின் ஒன்று வளைவில் வந்தது. அவர் விசில் ஊதினார். குனிந்திருந்த நான் பாய்ந்து விலகினேன். அதற்காக அண்ணனுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. சொன்னால் பிரிவு எண்ணைக் கேட்டு மடக்குவாரோ என்ற பயம்தான்.

நேற்று அவரைச் சுமந்து சென்றபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. துறைமுகத்திலிருந்து நிலக்கரி ரயில் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் கல்யாண மாப்பிள்ளைகூடக் கேட்டுக்கு அடியில் குனிந்து போய்விடுவார். பாடையை நிறுத்தக் கூடாது, அப்படியே நுழைந்துவிடலாம் என்றார் அவரது மைத்துனர்.

"அண்ணன் வரமாட்டாருங்க," என்றேன்.

பறை நின்றது. எல்லாரும் வெயிலில் காத்திருந்தோம். கடைசிப் பெட்டி போய், கேட் திறந்ததும், நான் முன்னால் போய்த் தண்டவாளத்தருகே நின்றேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். கண்ணீர் மறைத்தது, துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

"வாங்கண்ணே. நான் பாத்துக்குறேன்."