ஜெயலக்ஷ்மி கட்டிய கொலு பார்க்

திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் கொலு பார்க்கக் கிளம்பும் பெண்கள், ஜெயலக்ஷ்மி வீட்டில் பொம்மைகளைக் கண்டுகொள்வதே இல்லை. படிகளுக்குப் பக்கத்தில் அவள் தரையில் கட்டும் பார்க்கைப் பார்க்கத்தான் முண்டியடிப்பார்கள். மணலில் பாத்தி பிரித்து, கடுகு முளைக்கவிட்டு வயல்; கண்ணாடி பதித்துத் தாமிரபரணி; கல்லடுக்கிப் பொதிகை மலை. அவள் பிறந்த அம்பாசமுத்திரம் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும்.

அந்த ஊரை அவள் கண்ணால் பார்த்து ஏழு வருஷமாகிறது. மாமியார் விழுந்து படுத்த படுக்கையானதிலிருந்து, சாலை மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கித் திரும்புவதற்குள் வீட்டிலிருந்து இரண்டு போன் வந்துவிடும்.

இந்தப் புரட்டாசியில் தம்பி கூப்பிட்டான். ஐப்பசியில் மகளுக்குக் கல்யாணம், அக்கா இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட வேண்டும் என்றான். ஆபீசிலிருந்து வந்த கணவர் வெங்கடசுப்ரமணியனிடம் சொன்னாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஹோம்நர்ஸ் வைக்கலாம் என்று வழியும் அவளே சொன்னாள். மனுஷர் மகா சமர்த்து. கோபப்படவில்லை, சிரித்தார்.

"வேத்தாள் கை பட்டா அம்மா சாப்பிடமாட்டா, ஜெயா. உனக்கென்ன குறை? உங்க ஊர் அம்பைதான் வருஷா வருஷம் நம்மாத்துக்கே வந்துடறதே."

ஏக்கம் தாளாமல் கட்டினதையே எடுத்து அவள் வாயை அடைத்துவிட்டாரே!

இந்த வருஷம் கடுகை அவள் தொடவே இல்லை. இருக்கிற வீட்டையே கட்டினாள். கொல்லைக் கிணறு, துணி உலர்த்தும் கம்பி, மாமியார் கட்டில், சமையலறை ஜன்னலை மறைத்து நிற்கும் அடுத்த வீட்டுச் சுவர். சுற்றிலும் அட்டையில் மதில் எழுப்பினாள், வாசல் மட்டும் வைக்கவில்லை. அவர் பார்க்கட்டும், நாலு பேர் முன்னால் வெட்கப்படட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினாள்.

முதல் நாளே கூடம் நிறைந்துவிட்டது. எதிர்வீட்டு சூடாமணி மாமி குனிந்து பார்த்து, இதில் வாசல் எங்கே என்று கேட்டாள். கேட்டாளே புண்ணியவதி என்று ஜெயலக்ஷ்மி வாயெடுப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"அவ எங்க வெளில போறா, மாமி? இந்த ஆத்துக்குள்ளதான் அவளுக்கு லோகம். இப்பத்தான் அசல் திருவனந்தபுரத்துக்காரி ஆயிருக்கா, கேட்டேளா."

கேலி இல்லை, அவர் நிஜமாகவே பூரித்துப்போயிருந்தார். மாமிகள் நன்னாயிருக்கு, நன்னாயிருக்கு என்று கொண்டாடினார்கள். அவர் ஒரு படம் எடுத்து, சொன்னதையே கீழே எழுதி, கையோடு மச்சினனுக்கு அனுப்பினார். ஜெயலக்ஷ்மி வெற்றிலை பாக்குத் தட்டோடு நிற்கும்போதே பதில் வந்தது. அவர் உரக்கப் படித்தார்.

"அக்கா அங்க இவ்வளவு ஒட்டிப்போயிட்டான்னு எனக்குத் தெரியாது, அத்திம்பேர். இனிமே வா வான்னு சொல்லி அவளைத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

கூடத்தில் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாக வேண்டியிருந்தது.