பொட்டலில் கேட்ட "இல்லைங்க"

பேய்க் கதையை யாராவது ஆரம்பிச்சா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவேன். அப்படிப்பட்ட ஆளுதான் இதைச் சொல்றேன், நீங்க சிரிச்சாலும் எனக்கு வருத்தமில்லை. யுத்த சமயம், நான் ஏரோப்ளேன் ரிப்பேர் பாக்குற பிட்டரா இருந்தேன், வீடு ஆலங்குடியில, சம்சாரம் நிறைமாசம்.

மணமேல்குடிப் பக்கம் ஒரு சின்ன ப்ளேன், பறக்கையில இஞ்சின் இழுவை குறைஞ்சு பொட்டல்ல எறங்கிருச்சுன்னு என்னை லாரியில கொண்டுபோய் விட்டாங்க. ப்ளேனை ஓட்டிக்கிட்டு வந்தவரு பஞ்சாபிக்காரரு, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இஞ்சின் திடீர்னு தொய்யுது, திடீர்னு பிடிக்குது, தரையைத் தொட்டதும் நின்னே போச்சுன்னு கையாட்டிச் சொல்லிட்டு, தந்தி குடுக்க அதே லாரியில போயிட்டாரு. வேடிக்கை பாக்க வந்த சனத்தைப் போலீஸ்காரர் அங்கிட்டுத் தூரத்துலயே நிறுத்திட்டாரு. பட்டப்பகல்ல பொட்டல்ல நான் மட்டுந்தான்.

பெட்ரோல் வடிகட்டியைக் கழட்டிப் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. தண்ணியும் கலக்கலை, பிளக்கெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. சரி, சிலிண்டர்ல அமுக்கம் இருக்கான்னு பாப்போம்னு முன்னால இருக்குற விசிறியைக் கையால சுத்தப் போனேன். அதைத் தொடுறதுக்கு முன்னாடி உள்ள இருக்குறவர்கிட்ட சுவிட்ச் ஆஃபான்னு கேக்கணும், அவரு ஆஃப்னு சொன்னாத்தான் கை வைக்கணும். இல்லேன்னா பொறி தட்டி இஞ்சின் சுத்திரும், விசிறி ஆளையே வெட்டிப் போட்டுரும், என்கூட வேலை பாத்த ஒருத்தரு அப்படித்தான் போனாரு. உள்ள ஆளில்லைன்னு தெரிஞ்சும் வாய்ப் பழக்கத்துல கேட்டுட்டேன்.

"இல்லைங்க."

ஒரு பொம்பளப்பிள்ளை குரல். ப்ளேனைச் சுத்தி வந்தேன், அடியில குனிஞ்சு பாத்தேன், ஈ காக்கா இல்லை. சுவிட்ச் ஆஃப்லதான் இருந்துச்சு, நானே தொட்டுப் பாத்தேன். வெயில் மண்டையைக் குழப்புதுன்னு என்னையே திட்டிக்கிட்டு, இந்தத் தடவை வாயைத் திறக்காமக் கையை மட்டும் தூக்கினேன். நம்புனா நம்புங்க, விசிறியில கை படலை, அதுக்குள்ள காதுக்குப் பக்கத்துலயே, கோவமில்லாம, கொஞ்சம் இழுத்து மறுபடியும் அதே "இல்லைங்க."

பயந்துட்டேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெக்கம். விசிறியை விட்டுட்டு, சுவிட்ச்லேருந்து இஞ்சினுக்குப் போற வயரைத் தடவிக்கிட்டே போனேன். நடுவுல இரும்புச் சட்டத்துல உரசித் தோல் தேஞ்சு கிடந்துச்சு. பறக்கையில அது இரும்பைத் தொட்டுத் தொட்டுப் பொறியை அணைச்சிருக்கு, இழுவை குறைஞ்சது அதனாலதான். எறங்குன அதிர்ச்சியில இரும்போட அழுந்தி இஞ்சினை நிறுத்திட்டு, வயரு முழுசா அத்துப்போச்சு. சுவிட்சை ஆஃப் பண்ணா பொறியை அணைக்கிறதே அந்த வயருதான், அது அத்துட்டா சுவிட்ச் ஆஃப்னு காட்டினாலும் இஞ்சின் உசுரோடதான் இருக்கும். கை வச்சிருந்தா நான் இல்லை.

ஊருக்குத் திரும்பினேன், மக பொறந்தா, வளந்தா. அவ பெரியவளான பிறகு ஒருநாள், நான் கொல்லைப்பக்கம் கை கழுவிக்கிட்டிருந்தேன், வீட்டுக்கு வந்தது அவளுக்குத் தெரியாது. வாசல்ல யாரோ அப்பா இருக்காங்களான்னு கேட்டாங்க.

"இல்லைங்க"ன்னா. அதே குரல், அதே இழுப்பு.

அவகிட்ட இன்னவரைக்கும் நான் சொல்லலை. ஆனா புருசன் வீட்டுலேருந்து அவ இங்க வந்திருக்கப்ப யாராவது என்னைத் தேடி வாசலுக்கு வந்தா, அவ வாயைத் திறக்குறதுக்குள்ள, இருக்கேன்னு நானே குரல் குடுத்துருவேன்.