மணலில் நின்ற பீரோ

எங்கள் குப்பத்தில் இரும்புச் சாமான் வைத்திருப்பதே தனி வேலை. கடல்காற்று இரண்டு மழைக்காலத்துக்குள் பீரோவின் அடித்தகட்டைத் தின்றுவிடும். வெள்ளிக்கிழமைதோறும் பீரோ, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடைத்து, கீல்களுக்கு எண்ணெய் விடுவேன். வாஷிங் மெஷினில் ஒரு நாளும் துணி துவைத்ததில்லை. லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடிக்கிற ஊரில் அதற்குத் தண்ணீர் ஏது? அதில் அரிசி கொட்டி வைத்திருந்தேன். ஓடாத பெட்டி டிவியின் மேல் அட்டைப்பெட்டி பிரிக்காத மிக்சி. சோபாவின் மேல் வலை. நானும் கணவரும் மிச்ச இடத்தில் ஒருக்களித்துப் படுப்போம்.

பிள்ளைகள் சென்னைக்கே போய்விட்டார்கள். இரண்டு பேருக்குப் பாயும் நாலு பாத்திரமும் ஒரு துணிக்கொடியும் போதும் என்று முடிவு செய்தேன். கணவர் கடலுக்குப் போயிருந்த ஒரு காலையில் பழைய இரும்பு வாங்குகிறவரை வரவழைத்தேன். அவரும் அவருடைய ஆளும் எல்லாவற்றையும் வாசல் மணலில் இறக்கிவிட்டு, குட்டியானை வண்டி கொண்டுவரப் பொன்னேரிக்குப் போனார்கள்.

வண்டி வருவதற்கு முன்னால் எதிர்வீட்டுக்காரி வந்தாள்.

"இன்னா அண்ணி, வூட்ட காலி பண்ணிக்கினு கீற?"

"சாமானத்தான் காலி பண்றேன். எடஞ்சலா கீது."

"எங்களாண்டயே மறைக்கிறியா? எவ்ளோ குடுத்தானுங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெற்கே துறைமுகத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, யாரும் தனியாகப் போய் இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஊர் கூடிப் பேசியிருந்தது. சாமான் வெளியே வந்தால் ஆள் தன் இடத்துக்கு விலை பேசிவிட்டான் என்று அர்த்தம். நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. இடஞ்சல் என்பதற்காக ஒருத்தி பீரோவை விற்பாள் என்பது அவர்களுக்குப் பொய்யாகவே பட்டது.

கணவர் கரையேறும்போதே சேதி அங்கே போயிருந்தது. அவருடைய தங்கை கணவர்தான் படகில் கூட்டாளி. வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டே, "மச்சான், நாளைக்கி நீ வர வாணாம். மொதல்ல ஊர்ல பேசிட்டு வா," என்றாராம்.

வீட்டுக்கு வந்தவர் பீரோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"படகுல ஏத்தலன்னா நான் எங்க போவேன்?"

"நான் இன்னா வூட்டையா வித்தேன்? துருப்புடிச்ச பீரோவ."

"அத அவங்களாண்ட சொல்லு."

சொன்னேன். வாசலில் கூடியிருந்த கூட்டத்திலிருந்து ஊர்ப் பெரியவர் வந்து பீரோவின் கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். "நல்லாத்தானம்மா கீது, ஏன் விக்கிற?"

காற்றோட்டமாக இருக்க வேண்டும் என்றேன்.

"காத்துதான வேணும்? வெளிய வந்து குந்து."

கூட்டம் சிரித்தது. வெறும் வீட்டில் நாளைக்கும் இங்கேயே இருப்பேன், வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "நாளைக்கி இருப்ப. நாளானைக்கி?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. கணவர் கூட்டத்தில் நின்ற கூட்டாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்குமேல் என்ன நியாயம் பேசுவது? குனிந்து கிரைண்டரின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன்.

உடனே, அதுவரை என்னைச் சந்தேகப்பட்ட அத்தனை பேரும் ஓடிவந்து தூக்கினார்கள். எதை எங்கே வைப்பது என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. சோபாவை அடுப்பங்கரை வழிக்குக் குறுக்கே போட்டார்கள். பீரோ ஜன்னலை மறைத்தது. "எங்க வூட்ல ஒரு கட்டில் சும்மா கீது அண்ணி, அதையும் போடவா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. வாயைத் திறப்பதற்குள் கட்டில் உள்ளே வந்துவிட்டது. "இப்பதான் வூடு மாதிரி கீது," என்று பெரியவர் பாராட்டினார். பொன்னேரியிலிருந்து வந்த பழைய இரும்புக்காரர் என்னைத் திட்டிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பினார்.

மறுநாள் விடியலில் சோபாமேல் ஏறி அடுப்பங்கரைக்குள் இறங்கிச் சோறு வடித்தேன். கரையிலிருந்து குரல் வந்தது: "மச்சான், கெளம்பு!"

கணவர் கட்டிலைத் தாண்டி வந்து, சோபாவுக்கு அந்தப் பக்கம் நின்று கையை நீட்டினார். சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"இத அப்பறமா நவுத்திக்கலாம்."

எந்த இடத்துக்கு என்று கேட்பதற்குள் ஓடிவிட்டார்.