பெடலுக்கும் தரைக்கும் நடுவே

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, தோட்டத்து முச்சந்தியைத் தாண்டிய கையோடு என் இரண்டு காதும் கொதித்தன. கோபம் முழுக்க நான் ஓட்டிக்கொண்டிருந்த காடியின் மேல்.

பாலிங் ஊருக்குப் போகும் சாலையில் இருக்கிறது அந்தத் தோட்டம். ரப்பர் பால் வெட்டிய கித்தா மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்குச் செம்பனை நட்டுப் பல காலம் ஆகிவிட்டது. அம்மா மட்டும் இன்னும் அங்கேதான். வாராவாரம் நானும் என் வீட்டுக்காரரும் சுங்கைப் பட்டாணிப் பட்டணத்திலிருந்து போய் வருவோம். தோட்டத்துச் செம்மண் பாதை ஒரு மேட்டில் ஏறிப் பெரிய சாலையில் முட்டும். பட்டணத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் சாலையைக் குறுக்கே கடந்து வலது பக்கம் ஒடிக்க வேண்டும். வலது பக்கமோ வளைவு. செம்பனைக் குலை ஏற்றிய லாரி அங்கே எப்போது முளைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அன்றைக்கும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் பெடலை அழுத்தினேன். காடி மெல்ல நகர்ந்து நட்டநடுச் சாலைக்கு வந்தது. வந்து, போகலாமா வேண்டாமா என்று யோசித்தது. நான் முழுப் பலத்தோடு மிதிக்கிறேன், அது பாட்டுக்கு முனகுகிறது. அதற்குள் வளைவில் லாரி வந்துவிட்டது. லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். எப்படியோ கடந்துவிட்டோம்.

சுங்கைப் பட்டாணியில் வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் சொன்னது ஒரே வார்த்தை.

"வித்துடு."

"என்னாத்த?"

"இந்தக் காடியத்தான். பினாங்குல ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்லா. குடுத்துட்டு நல்ல காடியா ஒன்னு எடுப்போம்."

சிவப்பு நிறத்தில், இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் காடி அது. இரண்டாங்கை. கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்து, லைன் லீடராக ஆன பிறகு, என் சம்பளத்தில் எனக்கென்று மட்டும் நான் வாங்கிய முதல் பொருள். சமையலறைக்கு, மாமியாருக்கு, வீட்டுக்கு என்று எத்தனையோ வாங்கியிருக்கிறேன். எனக்கு இது ஒன்றுதான். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். "பொண்டாட்டி ஸ்போர்ட்ஸ் காடி, புருசன் ஸ்கூல் பஸ்ஸா?" என்று தேத்தண்ணிக் கடையில் அவருடைய கூட்டாளிகள் கிண்டல் பண்ணுவது எனக்குத் தெரியும். அந்தக் கிண்டல்தான் இப்போது லாரியைச் சாக்காக வைத்துக்கொண்டு வெளியே வருகிறது என்று நினைத்தேன். காது இன்னும் சூடானது.

"தீபாவளி வரைக்கும் டைம் குடுங்க. அதே முச்சந்தியில ஒழுங்கா எடுத்துக் காட்டுறேன். முடியலன்னா நானே சாவியக் குடுத்துடுறேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பினாங்குக்காரரை வரச் சொல்லிவிட்டார். கெட்டிக்காரர்.

மறுவாரம், நாங்கள் வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் காடியைக் கொண்டுபோனேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ஜின் நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி. இந்தக் காலத்துக் காடியில பெடலுக்குக் கேபிள் கெடயாது. நீ மிதிக்கிறத ஒரு சென்சார் பாத்து கம்ப்யூட்டர்கிட்ட சொல்லும். கம்ப்யூட்டர் நிதானமா யோசிச்சுத்தான் என்ஜினத் தெறந்து விடும். தொழிற்சாலையிலயே அப்படித்தான் வச்சுருக்கான்."

"அத அவசரப்படுத்த முடியாதா?"

"த்ராட்டல் கண்ட்ரோலர்னு ஒரு பொட்டி விக்கிறான். ரெண்டுக்கும் நடுவுல மாட்டணும். ஆனா கேட்டுக்க, பவர் ஒன்னும் கூடாது. நீ சொல்றது சீக்கிரமா போய்ச் சேரும், அவ்வளவுதான்."

அவ்வளவு போதும் எனக்கு. அன்றைக்கே இணையத்தில் ஆர்டர் போட்டேன்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி வந்தது. ஒயரின் நுனியில் ஒரு குட்டித் திரை. காடியை அணைத்து, கம்ப்யூட்டர் ஓயும் வரை காத்திருந்து, பெடலுக்கு மேலே இருக்கும் பிளக்கைக் கழற்றி, நடுவில் இதைச் செருக வேண்டும். இதற்குப் போய் ஆளைக் கூப்பிடுவதா? கால் ரெண்டும் சீட்டின் மேலே, தலை பெடலுக்குக் கீழே என்று நானே தலைகீழாகப் படுத்து மாட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஐயையோ, என்னாடி ஆச்சு?" என்று அலறினாள். "ஒன்னுமில்லக்கா, உயிரோடதான் இருக்கேன்," என்றேன்.

மாட்டி முடித்ததும் அதற்குப் பெடலின் அளவைக் கற்றுக்கொடுக்க வேண்டும். என்ஜினை எழுப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, பெடலை அடிவரை அழுத்தினால் திரையில் நூறு காட்டும், 'பீப்' என்று சத்தம் கேட்கும். அதன் பிறகுதான் அது வேலை செய்யும். நான் அழுத்தினேன். எழுபத்தெட்டு. எழுந்து உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். எழுபத்தெட்டு. சத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

விற்றவனுக்குச் செய்தி அனுப்பினேன். 'முழுசாக அழுத்துங்கள்' என்று பதில் போட்டான். முழுசாக என்றால் என்ன, தரையைப் பொத்துக்கொண்டு ரோட்டில் கால் வைக்கவா? அப்படியே கேட்டேன். அதற்கப்புறம் அவன் பதிலே போடவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் கையுறை ஓட்டையாக வந்தால் ஒரு பழக்கம் உண்டு. சூட்டைக் கூட்டு, ரப்பர் பாலை மாற்று, அச்சைக் கழுவு என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய விடமாட்டேன். ஒன்றை மாற்று, ஓட விடு, பார். அது இல்லையென்றால் அடுத்தது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்குச் சொந்தக் காடியிலும் அதே பிடிவாதம்தான்.

முதலில் பெட்டி. ஒர்க்‌ஷாப்பில் இதே ரகக் காடி ஒன்று நின்றது. அண்ணன் அதில் மாட்டி அழுத்தினார். நூறு, 'பீப்'. ஆக, பெட்டி நல்ல பெட்டி. அடுத்தது பெடல். அந்தக் காடியின் பெடலைக் கழற்றி என் காடியில் போட்டார். போடும்போது அவர் செய்த ஒன்றை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் காடிக்குக் கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுத்ததிலிருந்து அதற்குள் யாரும் காலில் எதையும் மாட்டிக்கொண்டு ஏறுவதில்லை. செருப்பு ஒரு பையில் போய் சீட்டுக்குப் பின்னால் உட்காரும். அண்ணனும் மரியாதையாகச் செருப்பைக் கழற்றினார், கால்மிதியைத் தூக்கி ஓரமாக வைத்தார், வேலையை முடித்தார், கையைத் துடைத்துக்கொண்டு மிதியை அதன் இடத்தில் அழகாக விரித்துவிட்டு, "ஏறு, தங்கச்சி," என்றார். வெறுங்காலோடு ஏறி மிதித்தேன்.

எழுபத்தெட்டு.

"அலாமா!" என்று அண்ணன் தலையில் கை வைத்தார். "ஒயர்ல கோளாறுலா. முழுசாப் பிரிச்சுத்தான் பாக்கணும். தீபாவளிக்குள்ள ஆவாது."

அன்றைக்கு அழுதேன். ஒரு பெடலுக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் விட மனசு வரவில்லை. சாவியைக் கொடுக்கும்போது என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியுமே, அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், வீட்டு வாசலில், திரும்பவும் தலைகீழாகப் படுத்தேன். பிளக் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். தலைக்கு இடைஞ்சலாக இருந்த கால்மிதியை இழுத்து வெளியே எறிந்தேன். திரையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் பெடலைத் தள்ளினேன்.

'பீப்.'

நூறு.

கையால் தள்ளினால் நூறு, காலால் மிதித்தால் எழுபத்தெட்டா? என் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? எழுந்து உட்கார்ந்து காலால் மிதித்தேன். நூறு. வாசலில் கிடந்த மிதியை எடுத்து வந்து விரித்தேன். எழுபத்தெட்டு. எடுத்தேன். நூறு. பைத்தியக்காரி மாதிரி விரிப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். வேலிக்கு மேலே அக்காவின் தலை மறுபடியும் தெரிந்தது. "கண்டுபிடிச்சிட்டேன்கா!" என்று கத்தினேன்.

சுருள் சுருளான பிளாஸ்டிக்கில் செய்த தடித்த மிதி அது. பார்த்தால் மீ நூடுல்ஸைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கும், மிதித்தால் மெத்தை மாதிரி. காடியோடு வந்த மிதிக்கு மேலே அதையும் போட்டிருந்தோம். பெடல் முழுசாக இறங்குவதற்கு முன்னால் அதில் போய் இடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. இந்தத் தமான் குடியிருப்பில் பாதிப் பேர் காடியில் இப்படித்தான் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். செருப்பில்லாமல் ஏறுகிறோம் அல்லவா, காலுக்கு மெத்தென்று இருக்க வேண்டும்!

அந்த மிதியை வாங்கிப் போட்டவர் என் வீட்டுக்காரர்.

பூசை முடிந்த அன்றைக்கே வாங்கி வந்தார். நாள் முழுக்கத் தொழிற்சாலையில் நின்று என் குதிகால் வெடித்துக் கிடக்கும். "வெறுங்கால்ல மிதிக்கிறப்ப வலிக்கும்," என்று அவரே குனிந்து விரித்துவிட்டார். அது ஞாபகம் வந்ததும் என் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் முழித்தது.

சாயங்காலம் மிதி இல்லாமல் பெட்டிக்குப் பெடலை முறையாகக் கற்றுக்கொடுத்து, எடுத்த எடுப்பில் உச்ச அளவில் வைத்தேன். லேசாகத்தான் தொட்டேன். காடி பாய்ந்துபோய் அக்காவின் பூந்தொட்டியைச் சாய்த்தது. இது எனக்குச் சரிப்படாது. ஒவ்வொரு படியாக இறக்கி ஓட்டிப் பார்த்தேன். நடு அளவில் வைத்தபோது, கால் சொன்னதை என்ஜின் அப்போதே கேட்டது. பாயவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. மிதியும் இல்லாமல், பெட்டியும் இல்லாமல் ஒருமுறை ஓட்டினேன். காடி முழுசாக இழுத்தது, ஆனால் புறப்படும்போது அதே யோசனை. ஆக, கோளாறு இரண்டு. இரண்டும் தீர்ந்தது.

மறுநாள் தோட்டத்திலிருந்து கிளம்பும்போது, நான் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே காடியில் ஏறினேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"சப்பாத்தோடயா? பூச போட்ட காடிலா இது."

"சாமி கோவிச்சுக்காதுங்க. அந்த மெத்த இல்லாம வெறுங்கால்ல மிதிச்சா வலிக்குது. மெத்த இருந்தா பெடல் எறங்க மாட்டேங்குது."

கீழே குனிந்து பார்த்தார். சுருள் மிதி இல்லை. நான் நடந்ததைச் சொன்னேன்.

முச்சந்தி வந்தது. நின்றேன். வளைவில் ஒரு லாரி வந்தது, போக விட்டேன். பின்னாலேயே இன்னொன்று, அதையும் விட்டேன். பெட்டி மாட்டியதால் லாரி சின்னதாகிவிடாது என்று எனக்கும் தெரியும். சாலை காலியானதும் மிதித்தேன். மூச்சு விடுவதற்குள் நாங்கள் அந்தப் பக்கம் இருந்தோம். வளைவில் இன்னும் எதுவும் வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தம் போட்டே சிரித்தேன்.

"எப்படி?" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஓரமாக நிறுத்தினேன்.

"என்னாங்க? இன்னும் அந்தக் கூட்டாளிங்க கிண்டலா?"

"எவன் கிண்டல் பண்ணா எனக்கென்ன?" என்றார். "அன்னிக்கி லாரி ஒன் பக்கம் வந்துச்சு. என் பக்கம் இல்ல. ஒன் தலைக்குப் பின்னால அவன் லைட்டு தெரிஞ்சுது. நான் சும்மா ஒக்காந்திருந்தேன், ஒன்னும் செய்ய முடியல." என் காலடியைப் பார்த்துச் சொன்னார்: "இப்ப என்னடான்னா, பெடல அடச்சு வச்சதே நான்தான்ங்குற."

நான் இத்தனை நாளும் ஒரு பெட்டியோடு மட்டும் மல்லுக்கட்டவில்லை, இவரோடும் மனசுக்குள்ளே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இவர் பயந்துபோயிருக்கிறார். அவ்வளவுதான். அந்த இடத்திலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவ எடுத்துக் காட்டவா?" என்றேன்.

"காட்டு."

திரும்பிப் போய்ச் செம்மண் மேட்டில் ஏறி, நின்று, பார்த்து, மறுபடியும் கடந்தேன். இந்தத் தடவை அவர் என்னைப் பார்க்கவில்லை, வளைவையே பார்த்துக்கொண்டு வந்தார். பெரிய சாலையில் ஏறியதும் போனை எடுத்துப் பினாங்குக்காரரைக் கூப்பிட்டார்.

"பாஸ், வர வேணாம்லா. காடி விக்கல."

மறுநாள் வேலை முடிந்து வந்து சமைக்கப் போனேன். அடுப்புக்கு முன்னால், நான் எப்போதும் நிற்கிற இடத்தில், அந்தச் சுருள் மிதி கழுவிக் காய்ந்து கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி நின்று குழம்புக்கு வெங்காயம் வெட்டினேன்.