லொரெட்டா எண்ணுகிறாள்

"பதினொண்ணு, பன்னெண்டு, அவன் புளுகுறான், பதிமூணு, நேத்து நானே பாத்தேன், பதினாலு."

லொரெட்டா ஹுடாக்கிடம் எதைக் கேட்டாலும் பதில் இரண்டு எண்களுக்கு நடுவில்தான் வரும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால், மதியம் வரை மஞ்சள் பேருந்தின் ஓட்டுநர் இருக்கை அவளுடைய பின்னல் கூடம். அடுத்த பேருந்தின் ஓட்டுநர் பெக் படிக்கட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வாள். லொரெட்டாவின் குரோஷா ஊசி கதையின் வேகத்துக்கு ஓடும். செப்டம்பர் பிறந்தால் ஹாலோவீன் பேய்த் திருவிழாவுக்கான கறுப்பு நூல் வெளியே வந்துவிடும். வெயில் இருக்கும்வரைதான் வேலை. விளக்கு வெளிச்சத்தில் கறுப்பு நூலின் கண்ணி யாருக்கும் தெரியாது.

உள்ளே அடைக்கப் பஞ்சு வாங்கும் வழக்கம் அவளிடம் இல்லை. ஒற்றைச் சாக்ஸ், பழைய பனியன், கைக்கு எது அகப்படுகிறதோ அது உள்ளே போகும். போன வருஷம் பின்னிய பூசணிக்குள் வீட்டு டிவியின் ரிமோட் போய்விட்டது. கணவன் ஸ்டான் இன்றும் பூசணியை மடியில் வைத்து அமுக்கிப் பார்க்கிறான். பின்னல் அத்தனை நெருக்கம், ரிமோட்டின் ஒளி வெளியே வருவதில்லை.

"அவுத்துக் குடேன், லொரெட்டா."

"முடிச்சத நான் அவுக்க மாட்டேன். எழுந்து போய் சேனல மாத்து. டாக்டர் உன்ன நடக்கத்தானே சொன்னாரு?"

ஊரில் எது தொலைந்தாலும் முதலில் லொரெட்டாவின் பொம்மைகளைத்தான் அமுக்கிப் பார்க்கிறார்கள்.

இந்த வருஷம் சிலந்தி. உடல் ஒரு சோபா அளவு. கால்களைத் தனியே பின்னித் தைத்தால் அது சிலந்தி இல்லை, தலையணை என்பது அவள் கட்சி. அதனால் ஒவ்வொரு காலும் உடலிலிருந்தே கிளம்பி, நாற்பது சுற்று ஓடி, பாதத்தில் மூடும். ஹாலோவீன் ஊர்வலத்துக்கு முன்னே போகும் பழைய தீயணைப்பு வண்டியின் கூரையில் அது உட்கார வேண்டும். பேருந்துப் பிள்ளைகள் தினமும் ஏறும்போதே கேட்பார்கள், "இன்னைக்கு எத்தன கால்?"

ஊர்வலம் இரண்டு மணிக்கு. பன்னிரண்டரைக்கு, வண்டிக் கொட்டகையில், தீயணைப்புப் படைத் தலைவன் மெர்ல் எல்லாச் சட்டைப் பைகளையும் தடவினான். பெக்கின் கணவன் அவன்.

"என் செவப்புக் கட்டம் போட்ட சட்ட எங்க? வண்டிச் சாவி அதோட பையில கெடந்துச்சு."

பெக் சிலந்தியைப் பார்த்தாள். எல்லோரும் சிலந்தியைப் பார்த்தார்கள்.

"முழங்கை கிழிஞ்சிருந்துச்சேன்னு..." என்று இழுத்தாள் பெக்.

"கிழிஞ்சா என்ன? முந்தின நாள்கூட அதுக்குள்ள நான் இருந்தேன்ல!"

அந்த வண்டிக்கு ஒரே ஒரு சாவி. புது வண்டியின் கூரையை ஏணி அடைத்துக்கொண்டிருக்கிறது, அதில் சிலந்தி நிற்காது. சாவி கிடைக்காவிட்டால் சிலந்தி கொட்டகையிலேயே கிடக்க வேண்டியதுதான். ஆட்கள் காலுக்கு ஒருவராய் அமுக்கினார்கள். எட்டும் கல்லாக இருந்தன. மெர்ல் பேனாக்கத்தியை விரித்தான்.

"மடக்கு அத," என்றாள் லொரெட்டா. "எந்தக் கால் பின்னுறப்ப எந்தக் கத ஓடுச்சுன்னு எனக்கு ஞாபகம் வரும்."

கண்ணை மூடிக்கொண்டு கால்களைத் தடவி வந்தாள். "இது பாட்டு டீச்சரோட பித்தப்பை. இது சர்ச்சுல கொழுக்கட்ட விக்கிறப்ப நடந்த சண்ட. இது ஸ்டானோட அக்கா மூணாவது கல்யாணம்." ஆறாவது காலில் கை நின்றது. பின்னால் பெக் 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இது மெர்லோட டோனட்டு."

"என்னோட எது?"

"டாக்டர்கிட்ட இனிப்ப விட்டுட்டேன்னு சொல்லிட்டு, வண்டியில தண்ணிக் குழாய்க்கு அடியில டப்பா ஒளிச்சு வெச்சிருக்கியே, அது. சட்டையில சர்க்கர வாசன அடிக்குதுன்னு பெக் கொண்டு வந்து காட்டினா. மோந்து பாத்துட்டு ரெண்டு பேரும் அத உள்ள அடச்சோம். முட்டிக்குப் பக்கத்துல."

யாரோ குழாயைத் தூக்கிப் பார்த்தார்கள். டப்பாவில் நான்கு இருந்தன. கொட்டகை அதிர்ந்தது. மெர்லின் முகம் தொலைந்த சட்டையின் நிறத்துக்கு வந்தது.

லொரெட்டா மட்டும் சிரிக்கவில்லை. பாதத்தின் முடிச்சில் விரலை வைத்தபடி நின்றாள். பூசணிக்காக ஸ்டான் ஒரு வருஷம் கெஞ்சியும் அவிழ்க்காதவள். தெருமுனையில் அவளுடைய பேருந்துப் பிள்ளைகள் இப்போதே வந்து நின்று, "எட்டு! எட்டு!" என்று கத்துவது கேட்டது.

"வெயிலுக்குத் தூக்குங்க," என்றாள்.

வாசலில் போட்டு, நூலின் நுனியைக் கண்டுபிடிக்கவே பத்து நிமிஷம். பிறகு இழுத்தாள். "நாப்பது." நூல் சரசரவென்று வந்தது. "முப்பத்தொம்பது." முப்பத்தைந்தில் தீயணைப்பு ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். முப்பதில் தெருவே சேர்ந்தது, புத்தாண்டு பிறக்கப்போவது மாதிரி. இருபத்துமூன்றில் சிவப்புக் கட்டம் எட்டிப் பார்த்தது. இருபத்தொன்றில் சாவி 'ணங்' என்று விழுந்தது. மெர்ல் அதை முத்தமிட்டான். பெக் அவன் வாயில் ஒரு டோனட்டைத் திணித்தாள்.

இரண்டு மணிக்கு வண்டி கிளம்பியது, கூரையில் ஏழரைக் கால் சிலந்தியோடு. அந்த அரைக் காலை மடியில் போட்டுக்கொண்டு, கயிற்றால் இடுப்பைக் கட்டிக்கொண்டு, லொரெட்டாவும் கூரையில். சிலந்தி பிடித்த இரை என்று நினைத்துச் சின்னப் பிள்ளைகள் வீறிட்டார்கள். பேருந்துப் பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். வண்டியோடு கூடவே ஓடி, சுற்றுக்குச் சுற்று எண்ணினார்கள். அவள் அவர்களுக்குக் கையாட்டவில்லை. "இருவத்தேழு, ரோட்டப் பாத்து ஓடு, இருவத்தெட்டு."

சர்ச் திருப்பத்தில் நாற்பது வந்தது. கிழிந்த சட்டையின் கடைசித் துண்டும் உள்ளே போயிற்று. நூலை இழுத்து மூட வேண்டியதுதான். லொரெட்டா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். ஊரே பார்க்க, தன் கோட்டின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்து உதறி, நாய்க்காது மாதிரி தொங்கவிட்டாள். பிறகுதான் நூலை இழுத்தாள்.